ஸ்பிளிற்றா, வீ.ஆர்.எஃப்.ஆ, சில்லரா? கொழும்பில் ஆறு தள வணிகக் கட்டடத்துக்கு ஏ.சி. தெரிவு

காலி வீதியோரம் 15 பேர்ச் காணி. நிலத்தளத்தில் கடைகள், மேலே ஐந்து தளங்கள் அலுவலகங்களுக்கு வாடகைக்கு. தளத்துக்கு 2,500 சதுர அடி, மொத்தம் 15,000. மூன்றாவது சிலாப்புக்குக் கம்பி கட்டும் வேளையில்தான் ஏ.சி. பேச்சு எழும்புகிறது. மூன்று பேரிடம் கொட்டேஷன் எடுத்தால் ஒருவர் தளத்துக்கு ஐந்து ஸ்பிளிற் (உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்ற ஜோடி) என்பார், அடுத்தவர் வீ.ஆர்.எஃப். (ஒரு பெரிய வெளி யுனிற்றோடு பல உள் யுனிற்) என்பார், மூன்றாமவர் சில்லர்தான் (தண்ணீரைக் குளிராக்கிக் குழாயில் அனுப்புவது) கௌரவம் என்பார். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒப்பிட முடியாது. ஒன்றில் புதுக்காற்று இல்லை, ஒன்றில் மின்கேபிள் இல்லை, ஒன்றில் கூரைக்கு ஏற்றும் கிரேன் கூலி இல்லை.

அதே 15,000 சதுர அடிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு மூன்றையும் நிறுத்துப் பார்ப்போம். ஒரு தொன் என்று இங்கே சொல்வது மணிக்கு 12,000 பி.ரி.யூ., அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாற்றுக் குளிர். கண்ணாடி அதிகமுள்ள கட்டடத்தில் 200 முதல் 250 சதுர அடிக்கு ஒரு தொன் தேவைப்படும். நிழல் ஒழுங்காக உள்ளதில் 300 சதுர அடிக்கு மேல் ஒரு தொன் போதும். நமது கட்டடத்துக்கு 60 தொன் என்று வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து நிறுப்பது

கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது? கொட்டேஷனில் இருக்கவே இருக்காத கேள்வி இது. ஆனால் பாதி முடிவு இதிலேயே கிடக்கிறது. 42 கே.வி.ஏ.க்கு (கே.வி.ஏ. என்பது மின் சுமையின் அளவு) உட்பட்ட இணைப்பு ஜீ.பி.-1 என்ற மின்கட்டண வகுப்பு: மாத நிலைக்கட்டணமும் அலகுக் கட்டணமும் மட்டும். அதைத் தாண்டினால் ஜீ.பி.-2: பகல், உச்சவேளை, இரவு என்று மூன்று விலை, அதற்கு மேல் அந்த மாதத்தில் தொட்ட உச்சக் கே.வி.ஏ.க்குத் தனிக் கட்டணம். உச்சவேளை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. ஐந்து மணிக்குப் பூட்டும் அலுவலகத்துக்கு அது பொருட்டில்லை. இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் புடைவைக் கடைக்கும் ரியூஷன் வகுப்புக்கும் உணவகத்துக்கும் அதுதான் பில்லின் கனமான பகுதி.

நமது கட்டடத்தில் ஒரு தளத்துக்கு ஏ.சி. 12 கிலோவாற்று, விளக்கும் கணினியும் 5 கிலோவாற்று என்றால் 20 கே.வி.ஏ.க்குக் கிட்ட நிற்கும். ஆகவே தளத்துக்கொரு ஜீ.பி.-1 இணைப்பு சாத்தியம். அதே சுமையை ஒரே மீற்றரில் கோர்த்து, லிஃப்ட், தண்ணீர்ப் பம்பியையும் சேர்த்தால் 120 கே.வி.ஏ. அளவுக்குப் போகும்; ஜீ.பி.-2 தவிர வழியில்லை. மின்மாற்றிக்கு இடம் கேட்கப்பட்டால் நிலத்தளத்தில் ஒரு கடையின் பங்கு போய்விடும்.

கொழும்புக் காலநிலையில் உண்மையான மின் செலவு. விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கும் திறன் எண் நமக்கானது இல்லை. சில்லருக்குத் தரப்படும் ஐ.பி.எல்.வி. என்ற, வெவ்வேறு சுமைகளில் உள்ள திறனை நிறையிட்டுச் சராசரியாக்கிய எண்ணை எடுங்கள். காற்றால் குளிரும் இயந்திரத்துக்கு அதன் கணக்கில் 45 சதவீத நிறை 18.3 பாகை வெளிவெப்பத்துக்கும், 12 சதவீத நிறை 12.8 பாகைக்கும் கொடுக்கப்படுகிறது. கொழும்பில் அலுவலக நேரத்தில் அந்த வெப்பநிலை எந்த மாதம் வரும்? ஐரோப்பிய முறையில் ஸ்பிளிற்றுக்கும் வீ.ஆர்.எஃப்.க்கும் போடும் பருவகாலத் திறன் எண்ணிலும் 25 பாகையும் 20 பாகையும் கலந்திருக்கின்றன. இங்கே பகலில் 28 முதல் 32 வரைதான் ஆண்டு முழுக்க. 35 பாகையில் முழுச் சுமைத் திறனையும், அதோடு 30 பாகையில் பாதிச் சுமைத் திறனையும் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்பவரின் தாளை அப்படியே மடித்து வைத்துவிடலாம்.

ஈரமும் புதுக்காற்றும். இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கொழும்பில் கட்டப்படும் சிறு வணிகக் கட்டடங்களில் அதிகம் தவறுவது இங்கேதான். 30 பாகை, 75 சதவீத ஈரப்பதன் உள்ள வெளிக்காற்றில் ஒரு கிலோவுக்கு 20 கிராம் நீராவி இருக்கிறது. 24 பாகை, 55 சதவீதத்தில் இருக்கும் அலுவலகக் காற்றில் 10 கிராம். 100 பேர் வேலை செய்யும் கட்டடத்துக்கு ஆளுக்கு நொடிக்கு 8.5 லீற்றர் புதுக்காற்று உள்ளே எடுத்தால், அதிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 35 லீற்றர் தண்ணீரைப் பிழிந்து வெளியே விட வேண்டும். இதற்கே 9 தொன் வேண்டும், மொத்தச் சுமையில் ஏழில் ஒரு பங்கு. அதனால்தான் புதுக்காற்று இல்லாத கொட்டேஷன் எப்போதும் மலிவாகத் தெரிகிறது. ஆட்கள் பிற்பகலில் தூங்கி வழிவதும், கார்பெற்றில் பூஞ்சண மணம் வருவதும், போல்ஸ் சீலிங்கில் பழுப்பு வட்டங்கள் தோன்றுவதும் பிறகு வரும் பில்கள்.

உப்புக் காற்று. கடலோர மரைன் டிரைவுக்கு முகம் காட்டும் கட்டடத்தையும் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மருதானைக் கட்டடத்தையும் ஒரே விவரக்குறிப்பில் கட்டக்கூடாது. செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும்.

ஒன்று பழுதானால் எத்தனை பேர் வேர்ப்பார்கள்? அதோடு உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதும்.

மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு நடந்த ஊர் இது. ஜெனரேற்றருக்கு டீசலும் கிடைக்கவில்லை. அந்த அளவுக்கு இனியும் வரும் என்று திட்டமிடத் தேவையில்லை. ஆனால் ஜெனரேற்றரில் எவ்வளவு ஏ.சி. ஓடும் என்பதை இன்றே தீர்மானித்தாக வேண்டும்.

## இயந்திரத்துக்கு முன் சுவர்

காலி வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆகவே அதன் இரு பக்கக் காணிகளும் கிழக்கையோ மேற்கையோ பார்க்கின்றன. இந்த அகலாங்கில் கண்ணாடிக்கு அவற்றைவிட மோசமான திசை கிடையாது. மேற்குப் பார்த்த 100 சதுர மீற்றர் சாதாரணக் கண்ணாடியால் பிற்பகல் நான்கு மணிக்கு உள்ளே வரும் வெயில் 14 தொன் ஏ.சி.யைத் தின்னும். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியில் அது 5 தொன்னாகக் குறையும். மேற்குக் கண்ணாடியைப் பாதியாக்கி, வெளியே செங்குத்துப் பலகை நிழல் கொடுத்தால் இன்னும் இறங்கும். உள்ளே போடும் திரை அவ்வளவாக உதவாது, வெயில் ஏற்கனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டதே.

கொழும்பு ஹைட் பார்க் கோர்னரில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டடம் காற்றோட்டத்தையும் நிழலையும் நம்பி எழுப்பப்பட்ட மாடிக் கட்டடம். இன்று அதைப் போல முழுக்க ஏ.சி. இல்லாமல் வாடகைக்குக் கொடுக்க யாரும் துணியமாட்டார்கள். ஆனால் மாடிப்படி, நடைபாதை, கழிவறை ஆகியவற்றையாவது மேற்குப் பக்கம் தள்ளி, காற்றோட்டத்தில் விடலாம். அந்த ஒரு தீர்மானம் 60 தொன்னை 50 ஆக்கும். மூன்று தெரிவுகளிலும் விலை இறங்கும். மேல் சிலாப்புக்கு 50 மில்லிமீற்றர் வெப்பக்காப்புப் போடாமல் ஐந்தாம் தளத்துக்குக் கூடுதல் ஸ்பிளிற் வாங்குவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது.

## ஸ்பிளிற்: மலிவாகத் தொடங்கி, சுவரில் முடிவது

60 தொன்னுக்கு 24,000 பி.ரி.யூ. ஸ்பிளிற் 30 வேண்டும். வாங்குவது எளிது, மாற்றுவது எளிது, தெருவுக்கொருவர் திருத்துவார். தளத்துக்கொரு மீற்றர், தளத்துக்கொரு பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர் 18 பாகையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அவருடைய காசு. வாடகைக் கட்டடத்துக்கு இதைவிட நேர்மையான கணக்கு வேறில்லை. ஒன்று நின்றால் ஓர் அறைதான் நிற்கும்.

சிக்கல் 30 வெளி யுனிற்றுகளை வைக்கும் இடம். பின்பக்கம் இரண்டரை அடி இடுக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தளத்துக்கும் தொங்கவிட்டால் கீழ் யுனிற் ஊதும் சூட்டை மேல் யுனிற் உறிஞ்சும். தெருவில் 31 பாகை இருக்கும்போது ஐந்தாம் தள யுனிற் 40 பாகைக் காற்றைக் குடிக்கும். வெளிக்காற்று ஒரு பாகை கூடினால் மின் செலவு ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் கூடும். ஒன்பது பாகைக்கு என்னவாகும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் தளத்தவர் "எங்கட ஏ.சி. சரியில்லை" என்று சொல்லும்போது குற்றம் பெரும்பாலும் இயந்திரத்தில் இருப்பதில்லை.

ஆகவே ஸ்பிளிற் என்று முடிவெடுத்தால் கட்டட வரைபடத்திலேயே அதற்கு மேடை வேண்டும். தளத்துக்கு ஐந்தடி ஆழமான, முன்பக்கம் திறந்த சர்வீஸ் மாடம். ஆள் நின்று ஸ்பானர் சுழற்ற இடம். சூடு வெளியே நேராகப் போக வழி. அலங்காரத்துக்காக முன்னால் நெருக்கமான அலுமினியப் பலகை அடித்தால் முழு ஏற்பாடும் பாழ். பலகைகளுக்கிடையில் குறைந்தது 70 சதவீதம் திறப்பு இருக்கட்டும். ஆறு தளத்திலும் ஐந்தடி என்றால் வாடகைக்கு விடக்கூடிய சதுர அடி குறைகிறது. ஸ்பிளிற்றின் முதல் மறைமுகச் செலவு அது.

இரண்டாவது தண்ணீர். ஒவ்வொரு உள் யுனிற்றிலிருந்தும் ஒரு டிரெயின் குழாய். நூற்றுக்கு ஒன்று சரிவு இல்லாத இடத்தில் பாசி ஜெலி போல உறைந்து அடைத்து, தண்ணீர் சீலிங்குக்குள் திரும்பும். 30 யுனிற் என்றால் அடைபடக்கூடிய இடமும் 30. செப்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு ரப்பர் உறை 9 மில்லிமீற்றர் என்றால், காற்றோட்டம் இல்லாத சீலிங்குக்குள் அது வேர்க்கும். இங்கே வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 பாகை. குளிர்ந்த குழாய் 10 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. 13 மில்லிமீற்றர் குறைந்தபட்சம், வெளிக்காற்றுப் படும் பகுதியில் 19.

மூன்றாவது குழாய் நீளம். சிறிய ஸ்பிளிற்றுகள் பெரும்பாலும் 15 முதல் 30 மீற்றருக்குள்தான் அனுமதி. நிறுவனம் நிரப்பி அனுப்பும் காஸ் ஐந்து முதல் ஏழரை மீற்றர் குழாய்க்குத்தான். 18 மீற்றர் இழுத்துவிட்டுக் கூடுதல் காஸ் நிறுத்துப் போடாத யுனிற் முதல் நாளே அரைவயிற்றோடு ஓடும்.

கடற்பக்கம் என்றால் நீலத் தகடு என்று விற்கப்படும் மெல்லிய பூச்சைப் பாதுகாப்பாக நம்ப வேண்டாம். எப்பொக்சிப் பூச்சுள்ள கொயில், உருக்கிய நாகத்தில் தோய்த்து முலாமிட்ட தாங்கி, 316 தர எவர்சில்வர் ஆணி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர்க் கழுவல். கழுவல் செலவில்லாத மருந்து. ஆனால் கைக்கு எட்டாத இடத்தில் தொங்கும் யுனிற்றை யார் கழுவுவது? மறுபடியும் அந்த ஐந்தடி மாடத்துக்கே வந்து நிற்கிறோம்.

காஸ் வகையில் ஆர்-22 உள்ள பழைய இருப்பை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடவேண்டாம். வளர்முக நாடுகள் ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி 2030க்குள் அதை ஏறத்தாழ முழுதாக நிறுத்த வேண்டும். ஆர்-32 நல்ல தெரிவு. ஆனால் இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் அதற்குப் பழகாத கையால் வெல்டிங் வேலை கூடாது.

## வீ.ஆர்.எஃப்.: நன்றாகப் போட்டால் மிக நல்லது

கூரையில் சில பெரிய வெளி யுனிற்றுகள், ஒரே குழாய்த் தொகுதியில் பல உள் யுனிற்றுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு. 20 எச்.பி. தொகுதி ஒன்று 16 தொன் அளவுக்குத் தரும், நான்கு போதும். நான்கும் சேர்ந்து 1,300 கிலோ அளவில் நிற்கும். பின்பக்க மாடம் தேவையில்லை, முகப்பு சுத்தமாக இருக்கும், குழாய் 100 மீற்றருக்கு மேலும் போகலாம். ஒரு தளத்தில் பாதிப் பேர் இல்லாதபோது கொம்பிறசர் தானாகத் தணிந்து ஓடும். கொழும்பில் வெளிவெப்பம் மாறாவிட்டாலும் ஆட்களின் வருகை மாறுகிறது. சேமிப்பு முக்கியமாக அங்கிருந்து வருகிறது.

ஆரம்ப விலை ஸ்பிளிற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று எதிர்பாருங்கள். அந்தக் காசு வீணாவதும் பலிப்பதும் குழாய் வெல்டிங்கில் தங்கியிருக்கிறது. குழாய்க்குள் நைதரசன் ஓடவிடாமல் செம்பைச் சூடாக்கினால் உள்ளே கறுப்புச் செதில் உண்டாகும். மாதக்கணக்கில் அது நகர்ந்து நகர்ந்து உள் யுனிற்றுக்குள் போகும் காஸின் அளவைக் கட்டுப்படுத்தும் விரிவு வால்வை அடைக்கும். வாரன்றி முடியும் வேளையில் ஒவ்வோர் அறையாகக் குளிர் குறையும். வெல்டிங் முடிந்ததும் நைதரசனால் 40 பார் அளவு அழுத்தம் ஏற்றி 24 மணித்தியாலம் விட வேண்டும், ஊசி அசையக்கூடாது. பிறகு 500 மைக்ரோன் வரை வெற்றிடம். இந்த இரண்டு அளவையும் தேதியோடு படமெடுத்துத் தரும்படி ஒப்பந்தத்தில் எழுதாத சொந்தக்காரர் சோதனை நடந்தது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்த ஆபத்து காஸின் அளவு. ஒரு தொகுதியில் 25 கிலோ ஆர்-410ஏ காஸ் இருக்கலாம். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரமான மனேஜர் அறையின் கொள்ளளவு 25 கன மீற்றர். முழுக் காஸும் அங்கே கசிந்தால் கன மீற்றருக்கு ஒரு கிலோ. பாதுகாப்பு எல்லை ஏறத்தாழ 0.42 கிலோ. மணமில்லாத காஸ், ஒட்சிசனைத் தள்ளிவிடும். சிறிய அறைக்குக் கதவுக்கடியில் திறப்பு, கசிவு உணரி, அல்லது தொகுதியைச் சிறிதாகப் பிரித்தல் என்று ஏதாவதொன்று வேண்டும். நாங்கள் தளத்துக்கொரு தொகுதி என்று பிரிப்பதையே விரும்புவோம். விலை சற்றுக் கூடும், ஆனால் ஒரு கசிவில் இரண்டு தளங்கள் வேர்க்காது. காஸ் இழப்பும் குறையும்.

பில் பங்கீட்டுக்கு நிறுவனத்தின் மென்பொருள் வரும். அது ஒவ்வோர் உள் யுனிற்றின் வால்வுத் திறப்பையும் ஓடிய நேரத்தையும் வைத்து மதிப்பிடுகிறது. அளவிடும் மீற்றர் அது இல்லை. இரண்டு வாடகைக்காரர் முரண்பட்டால் அந்தத் தாளைக் காட்டி வெல்வது கடினம். தளத்துக்கொரு தொகுதி, அதற்கொரு தனி உப மீற்றர் என்று வைத்தால் இந்தச் சண்டையும் தீரும்.

இலத்திரனியல் பலகை இதன் பலவீனம். மின்னல், ஏறியிறங்கும் வோல்ற்று, பலகைக்குள் போய்ப் படுக்கும் பல்லி: கொழும்பில் மூன்றுமே நடக்கும். கட்டடத்தின் பிரதான மின்வழங்கல் பலகையில் மின்னெழுச்சித் தடுப்பான், வெளி யுனிற் பெட்டியின் துவாரங்களுக்கு வலை. இறக்குமதிக்கு டொலர் கிடைக்காமல் போன காலத்தில் ஒரு பலகைக்காக வாரக்கணக்கில் காத்திருந்த கட்டடங்கள் உண்டு. முகவரிடம் உள்ளூர் இருப்பு எவ்வளவு என்று கேட்பதோடு ஒரு பலகையை நீங்களே வாங்கி அலுமாரியில் வைத்தாலும் தப்பில்லை.

ஜெனரேற்றருக்கு இது இதமானது. கொம்பிறசரின் வேகத்தை மாற்றும் இன்வேர்ட்டர் மெல்லத் தொடங்கும். பழைய வகை மோட்டார்கள்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்காது. மின்வெட்டு வேளையில் 60 சதவீதத்துக்கு மேல் போகாதே என்று கட்டளையிடவும் முடியும்.

## சில்லர்: அளவுக்குக் கீழே அழகில்லை

ஏழு பாகைத் தண்ணீரைக் குழாயில் அனுப்பி, 12 பாகையில் திரும்ப வாங்குவது. நீர்க் கோபுரத்தோடு (தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியே விடுவது) ஓடும் பெரிய சில்லர் ஒன்று தொன்னுக்கு 0.6 கிலோவாற்றில் நிற்கும். பம்பி, கோபுரம், விசிறி எல்லாம் சேர்த்தாலும் ஒன்றுக்குக் கிட்டத்தான். அந்த எண்ணைக் காட்டித்தான் சில்லர் விற்கப்படுகிறது. அந்த எண் 200 தொன்னுக்கு மேலே உள்ளவர்களுக்கானது. 60 தொன்னில் கிடைப்பது பெரும்பாலும் காற்றால் குளிரும் சிறிய சில்லர். இயந்திரம் 1.1 முதல் 1.2, பம்பியும் விசிறியும் இன்னொரு 0.3, ஸ்பிளிற்றைவிட மோசம்.

சனிக்கிழமையில் பிரச்சினை வெளிப்படும். ஒரே ஒரு கணக்காய்வு அலுவலகம் மட்டும் திறந்திருக்கிறது, தேவை 8 தொன். 60 தொன் சில்லரும் பம்பியும் அதற்காக விழித்திருக்கும், கொம்பிறசர் போவதும் நிற்பதுமாகத் தேய்ந்துகொண்டிருக்கும். பல சிறு தொகுதிகளாக வாங்கினால் இது குறையும், விலை ஏறும்.

குளிர்நீர்க் குழாயின் காப்பு உறையில் ஓர் ஊசித்துளை இருந்தால் போதும், நீராவி உள்ளே போய் உறை ஊறி, பிறகு குழாய் துருப்பிடிக்கும். அதை வெளியிலிருந்து காண முடியாது. நீராவி புகாத தாள் சுற்றி, தாங்கிகள் இருக்கும் இடத்தில் மரக்கட்டையோ கடின நுரையோ வைத்து இடைவெளியில்லாமல் முடிக்க வேண்டும். வேகமாக வேலை முடிப்பவர் விடும் இடமும் தாங்கிதான்.

நீர்க் கோபுரம் என்றால் தண்ணீர்க் கணக்கும் வரும். ஆவியாவதும் கழிப்பதும் சேர்ந்து தொன்னுக்கு மணிக்கு 8 லீற்றர் அளவு. 200 தொன் கட்டடம் 70 சதவீதச் சுமையில் பத்து மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு 11,000 லீற்றருக்கு மேல். நீர்வெட்டு நாளில் பவுசர் கூப்பிட வேண்டும். சுண்ணப் படிவுக்கும் லெஜியனெல்லாக் கிருமிக்கும் எதிராக மருந்து போட, அளவு பார்க்க ஓர் ஆள் மாதச் சம்பளத்தில் வேண்டும்.

இதற்கெல்லாம் எதிரே மூன்று நல்லவை. காஸ் இயந்திர அறையோடு நின்றுவிடும், அலுவலக அறைக்குள் வராது. ஒழுங்காகப் பராமரித்தால் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். புதுக்காற்றை ஈரம் பிழிந்து உள்ளே விடுவது இதில் இயல்பாக நடக்கும். மருத்துவமனை, ஹோட்டல், பெரிய அங்காடி போன்றவை ஏன் இதை விடுவதில்லை என்பதற்கு இவை போதும்.

## பக்கத்தில் பக்கத்தில்

மாதக் கணக்கு இப்படி: 60 தொன், சராசரிச் சுமை 60 சதவீதம், நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள். மொத்தம் 9,360 தொன்-மணி. அலகு எண்ணிக்கையை உங்கள் கட்டண விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் அடிக்கடி மாறுகிறது.

| | ஸ்பிளிற் (இன்வேர்ட்டர்) | வீ.ஆர்.எஃப். | காற்றால் குளிரும் சில்லர் |
|---|---|---|---|
| மாத அலகு (60 தொன்) | நல்ல மாடத்தில் 10,800. நெருக்கி அடுக்கினால் 12,600 | 8,900 – 9,800 | 13,000 – 14,000 |
| பில் பிரிப்பு | தளத்துக்கொரு மீற்றர் | உப மீற்றர் அல்லது மென்பொருள் மதிப்பீடு | தளத்துக்கொரு வெப்ப மீற்றர் |
| புதுக்காற்று | தனியாக வாங்க வேண்டும் | தனியாக வாங்க வேண்டும் | காற்றுக் கையாளும் பெட்டியோடு சேர்க்கலாம் |
| இடம் | தளந்தோறும் ஐந்தடி மாடம் | கூரையில் நான்கு தொகுதி | கூரையில் 2,000 கிலோவுக்கு மேல், பம்பி அறை |
| ஒரு பழுதில் நிற்பது | ஓர் அறை | ஒரு தொகுதி | முழுக் கட்டடம், ஒரே இயந்திரமென்றால் |
| திருத்துபவர் | எங்கும் | முகவரின் பயிற்சி பெற்றவர் | நிரந்தர ஆள், ஆண்டு ஒப்பந்தம் |

கூரையில் சூரியத் தகடு போடும் எண்ணம் இருந்தால் ஒரு கிலோவாற்றுக்கு 60 சதுர அடி தேவை என்பதையும், வெளி யுனிற்றுகள் ஊதும் சூடு தகட்டுக்கு அடியில் போகக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். 2,500 சதுர அடிக் கூரையில் தண்ணீர்த் தாங்கி, லிஃப்ட் அறை, ஏ.சி. போக மிச்சம் நினைப்பதைவிடக் குறைவு.

## எந்த நிலைமைக்கு எது

தளந்தளமாக வெவ்வேறு ஆட்களுக்கு வாடகை, சொந்தக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ: ஸ்பிளிற். ஆனால் மாடம் வரைபடத்தில் இருந்தால் மட்டும். ஏற்கனவே கட்டி முடித்து, பின்பக்கம் இரண்டரை அடி இடுக்குத்தான் மிச்சம் என்றால் ஸ்பிளிற்றை விட்டுவிட்டுக் கூரைக்குப் போகும் வீ.ஆர்.எஃப்.ஐப் பாருங்கள், மலிவில்லாவிட்டாலும்.

முழுக் கட்டடமும் ஒரே நிறுவனத்தின் பாவனை, பில் ஒரே கையில், ஏழெட்டு ஆண்டாவது இருக்கப்போகிறார்கள்: வீ.ஆர்.எஃப். மேலே உள்ள கணக்கில் நல்ல ஸ்பிளிற்றோடு வித்தியாசம் மாதம் 1,000 முதல் 1,900 அலகு; மோசமாக அடுக்கிய ஸ்பிளிற்றோடு 2,800 முதல் 3,700. கூடுதல் முதலீட்டை இந்த அலகுகளின் விலையால் வகுத்துப் பாருங்கள். எட்டு ஆண்டுக்குள் மீளாவிட்டால் முகப்பு அழகுக்காக மட்டும் வாங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். அதுவும் ஒரு காரணம்தான்.

150 தொன்னுக்கு மேல், இரவும் ஓடும் கட்டடம், பராமரிப்புக்கு நிரந்தர ஆள் இருக்கிறார்: நீர்க் கோபுரச் சில்லர். ஆள் இல்லாத சில்லரைவிடக் கவனமாகப் போட்ட ஸ்பிளிற் மேல்.

புறக்கோட்டையில் கீழே மொத்தக் கடை, மேலே களஞ்சியம் என்ற வகைக்கு இந்த விவாதமே வேண்டாம். கடைக்கு ஸ்பிளிற், களஞ்சியத்துக்கு விசிறியும் கூரைக் காப்பும். கதவைத் திறந்தே வைத்து வியாபாரம் செய்யும் கடைக்குக் காற்றுத்திரை ஒன்று, இரண்டு தொன் ஏ.சி.யைவிட உதவும்.

நமது ஆறு தளக் கட்டடத்துக்கு, இடமும் கடன் வசதியும் இருந்தால், கலவைதான் எங்கள் தெரிவு: நிலத்தளக் கடைகளுக்குத் தனி மீற்றரில் ஸ்பிளிற், ஐந்து அலுவலகத் தளங்களுக்கும் தளத்துக்கொரு சிறு வீ.ஆர்.எஃப். தொகுதி. சேர்வர் அறைக்கு எந்தத் தெரிவிலும் தனியாக இரண்டு ஸ்பிளிற், ஒன்று ஓட ஒன்று காவலுக்கு. அதைக் கட்டடத் தொகுதியோடு சேர்த்தால் நள்ளிரவில் ஓர் அறைக்காக முழுத் தொகுதியும் ஓடும்.

## கையெழுத்துக்கு முன்

மூன்று பேரிடமும் ஒரே தாளைக் கொடுத்து அதில் நிரப்பச் சொல்லுங்கள். உட்கார்ந்து கணித்த சுமைக் கணக்கு, அறை அறையாக. "சதுர அடிக்கு இவ்வளவு" என்பது கணக்காகாது. 35 பாகையில் முழுச் சுமை மின் செலவு. நொடிக்கு எத்தனை லீற்றர் புதுக்காற்று, அதை உலர்த்துவது எது. வெளியேறும் குளிர்ந்த, உலர்ந்த காற்றால் உள்ளே வரும் காற்றின் சூட்டை மட்டுமல்ல, ஈரத்தையும் தணிக்கும் பரிமாற்றி போட்டால் அந்த 9 தொன்னில் பாதிக்கு மேல் மிச்சமாகும். ஆகவே விலை கூடினாலும் அதைத் தனி வரியில் கேளுங்கள். மின்கேபிள், பிரேக்கர், கிரேன், சீலிங் திருத்தம், கொன்கிறீற்றில் துளை போடுவது ஆகியவை உள்ளேயா வெளியேயா.

பெரிதாகப் போட்டால் நல்லது என்று 60 தொன்னுக்குப் பதில் 80 தரச் சம்மதிப்பவரிடம் கவனமாக இருங்கள். பெரிய யுனிற் அறையைச் சீக்கிரம் குளிராக்கி நின்றுவிடும், ஈரம் அப்படியே கிடக்கும். ஆட்கள் சில்லிட்ட புழுக்கத்தில் இருந்துகொண்டு இன்னும் இரண்டு பாகை குறைப்பார்கள்.

கடைசித் தவணையில் பத்து சதவீதத்தை அழுத்தச் சோதனைப் படங்கள், வெற்றிட அளவு, நிறுத்துப் போட்ட காஸ் கணக்கு, குழாய் வரைபடம் ஆகியவை கையில் வரும்வரை நிறுத்திவைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. ஒப்படைக்கும் நாளை, முடிந்தால், மேற்கு வெயில் அடிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கு வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு எந்த ஏ.சி.யும் குளிரும்.